பழைய விண்படங்களிலிருந்து புதிய அறிவியல்: தரவுக் காப்பகங்கள் இயங்கும் விதம்

2023ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், ஜப்பானைச் சேர்ந்த வான்நோக்கர் கோயிச்சி இட்டகாகி, மெசியர் 101 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டறிந்தார். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயரிடப்பட்ட அந்த வெடிப்பு நம்மிடமிருந்து ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்தது. அதைத் தொடர்ந்து பார்ப்பதற்காக உலகெங்கும் தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பின. ஆனால் வெடிப்பதற்கு முன் அங்கே இருந்த விண்மீன் எத்தகையது என்ற கேள்விக்குப் புதிதாக எடுக்கும் படம் எதுவும் விடை தர முடியாது. அந்த விண்மீன் இனி இல்லை. விடை பழைய படங்களில் இருந்தது. ஹப்பிள் தொலைநோக்கி அதே பகுதியை வேறு நோக்கங்களுக்காக முன்பே படம்பிடித்திருந்தது. அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் ஸ்பிட்சர் தொலைநோக்கியும் 2004 முதல் 2019 வரை பல முறை அந்த மண்டலத்தைப் பார்த்திருந்தது. அந்தப் பதிவுகளைத் தோண்டி எடுத்த ஆய்வாளர்கள், தூசியால் மூடப்பட்ட ஒரு செம்பெருமீன், ஏறத்தாழ 1000 நாட்களுக்கு ஒரு முறை ஒளி கூடிக் குறைந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். ஸ்பிட்சரின் பணி 2020 ஜனவரி 30 அன்றே முடித்துவைக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். செயல்படாத தொலைநோக்கி ஒன்று, மூன்று ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த வெடிப்புக்குச் சான்று கொடுத்தது என்றால், அதைச் சாத்தியமாக்கியது அதன் தரவுக் காப்பகம்தான்.

வேதியியல் சோதனை ஒன்றைச் சந்தேகம் வந்தால் மறுபடி செய்து பார்க்கலாம். வானியலில் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடையாது. ஒரு குறிப்பிட்ட நாளில் வானம் எப்படி இருந்தது என்பது அன்று பதிவானால்தான் உண்டு. அதனால்தான் வானியலர்கள் காப்பகத்தை ஒரு கிடங்காக அல்லாமல், தொலைநோக்கிக்கு நிகரான ஆய்வுக் கருவியாகவே மதிக்கிறார்கள். 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹப்பிளின் தரவுகளைக் கொண்டு இப்போது ஆண்டுதோறும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில், தாமே தொலைநோக்கி நேரம் கேட்டுப் பெற்று எடுத்த படங்களை வைத்து எழுதப்படுபவற்றைவிட, காப்பகத்திலிருந்து எடுத்த பழைய தரவுகளை வைத்து எழுதப்படுபவையே அதிகம்.

ஹப்பிளின் தரவுகள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் கழகத்தின் மாஸ்ட் காப்பகத்தில் இருக்கின்றன. கெப்ளர், டெஸ், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளும் அங்கேதான் உள்ளன. எக்ஸ் கதிர், காமா கதிர் தரவுகளுக்கு நாசாவின் காடார்டு மையத்தில் உள்ள ஹீசார்க் என்ற காப்பகமும், அகச்சிவப்புத் தரவுகளுக்கு கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள இர்சா என்ற காப்பகமும் இருக்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் அறிவியல் காப்பகங்கள் ஸ்பெயினில், மாட்ரிட் நகருக்கு அருகில் அமைந்துள்ளன. இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டின் தரவுகள் பெங்களூருக்கு அருகே பியாலாலு என்ற ஊரில் இஸ்ரோ நடத்தும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் சேமிக்கப்படுகின்றன.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

செய்தித்தாள்களில் நாம் பார்க்கும் வண்ணப் படங்களை ஆய்வாளர்கள் அளவீட்டுக்குப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு படப்புள்ளியிலும் விழுந்த ஒளியின் அளவைக் குறிக்கும் எண்கள். அந்த எண்களைச் சுமந்து செல்லும் கோப்பு வடிவத்துக்கு ஃபிட்ஸ் என்று பெயர். 1981இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப்பட்டு, 1982இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்ற இந்த வடிவம், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் நீடிக்கிறது. ஃபிட்ஸ் கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதி ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்துகள். 36 வரிகள் சேர்ந்தது 2880 பைட் கொண்ட ஒரு தொகுதி. 80 என்ற எண் அக்காலத் துளை அட்டைகளிலிருந்து வந்தது. ஒரு முறை ஃபிட்ஸ் என்று ஏற்கப்பட்ட கோப்பு, பின்னாளில் விதிகள் எவ்வளவு விரிந்தாலும், என்றும் படிக்கத்தக்கதாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையை வானியலர்கள் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்து வருகிறார்கள். வத்திக்கான் நூலகம் தன் பழைய கையெழுத்துப் படிகளை எண்ணிம வடிவில் பாதுகாக்க இதே வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த நீடிப்பும் ஒரு காரணம்.

தலைப்பகுதியில் எழுதப்பட்டிருப்பவை தரவைப் பற்றிய தரவுகள்: எந்தத் தொலைநோக்கி, எந்தக் கருவி, எந்த வடிகட்டி, எந்த நாள், எத்தனை நொடிகள் ஒளி சேர்க்கப்பட்டது, படத்தின் எந்தப் புள்ளி வானத்தின் எந்த ஆயத்தொலைவுக்கு உரியது என்பன போன்ற விவரங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர் என்ற குறிப்பு இல்லாத கல்வெட்டுப் படி ஒன்று வரலாற்றாய்வாளருக்கு எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவுதான் இந்த விவரங்கள் இல்லாத விண்படமும் வானியலருக்குப் பயன்படும். படங்களைச் சேமிக்க வன்தட்டு போதும். ஆனால் லட்சக்கணக்கான கோப்புகளில் இந்த விவரங்களைப் பிழையின்றி, ஒரே முறையில், ஒரே அலகுகளில் நிரப்பிவைப்பதற்கு ஆட்களின் உழைப்பு வேண்டும். தரவுக் காப்பகங்களைப் பற்றிப் பேசும்போது பெட்டாபைட் (பத்து லட்சம் கிகாபைட்) கணக்குகளே முன்னால் வருகின்றன. என் கருத்தில் முதலில் பேசப்பட வேண்டியது இந்தக் குறிப்பெழுதும் வேலைதான். பயன்படும் காப்பகத்தையும் பயன்படாத காப்பகத்தையும் பிரிப்பது பெரும்பாலும் இதுவே.

அடுத்து வருவது அளவுத்திருத்தம். தொலைநோக்கியிலிருந்து வரும் மூலத் தரவில் விண்மீனின் ஒளி மட்டும் இருப்பதில்லை. ஒளியைப் பதிவு செய்யும் உணரியின் சொந்த மின் இரைச்சல், படப்புள்ளிக்குப் படப்புள்ளி மாறும் உணர்திறன், வழியில் வந்து மோதிய விண்கதிர்களின் தடங்கள் எல்லாம் கலந்தே இருக்கும். இவற்றைக் கழித்தும் சரிசெய்தும் அறிவியல் அளவீட்டுக்கு ஏற்ற தரவாக மாற்றுவதற்கு, வரிசையாக இயங்கும் மென்பொருள் தொடர் ஒன்று உண்டு. ஆகவே காப்பகத்தில் ஒரே நோக்கலுக்குப் பல படிநிலைகளில் கோப்புகள் இருக்கும்: மூலத் தரவு, திருத்தப்பட்ட தரவு, பல படங்களை இணைத்து உருவாக்கிய தொகுப்புப் படம், அதிலிருந்து பிரித்தெடுத்த விண்மீன் பட்டியல். புதிதாக வருபவர் பெரும்பாலும் திருத்தப்பட்ட தரவிலிருந்து தொடங்கலாம். ஆயினும் மூலத் தரவு ஒருபோதும் நீக்கப்படுவதில்லை. விண்வெளியில் ஓர் உணரி கதிர்வீச்சால் ஆண்டுக்கு ஆண்டு சிதைந்துகொண்டே போகிறது. அந்தச் சிதைவைப் பற்றிய புரிதலோ ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. அந்தப் புதிய புரிதலைக் கொண்டு பத்தாண்டுகளுக்கு முந்தைய படத்தையும் மறுபடி திருத்தி, முன்பைவிடத் துல்லியமாகத் தர வேண்டுமென்றால், மூலம் கையில் இருந்தாக வேண்டும்.

இதற்கு முன்மாதிரி வகுத்தது ஐயூஈ என்ற புற ஊதா விண்கலம். நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் பிரிட்டனும் இணைந்து 1978 ஜனவரியில் ஏவிய அது, 1996 செப்டம்பர் வரை, பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான நிறமாலைகளைப் பதிவு செய்தது. பணியின் இறுதிக் காலத்தில் அந்த நிறமாலைகள் அனைத்தையும், முதல் ஆண்டில் எடுத்ததையும் கடைசி ஆண்டில் எடுத்ததையும், ஒரே சீரான முறையில் மறுபடி திருத்தி இறுதிக் காப்பகமாக வெளியிட்டார்கள். ஒரு விண்மீன் 1979இல் எப்படி இருந்தது, 1995இல் எப்படி மாறியது என்று ஒப்பிட வேண்டுமானால், இரண்டு அளவீடுகளும் ஒரே முறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் காணும் மாற்றம் விண்மீனுடையதா, மென்பொருளுடையதா என்று சொல்ல இயலாது.

பழைய மூலத் தரவு புதிய கணக்கீட்டு முறையோடு சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு, ஏறத்தாழ 130 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எச்ஆர் 8799 என்ற விண்மீன் நல்ல சான்று. அதைச் சுற்றும் மூன்று கோள்களை, தரையிலுள்ள கெக், ஜெமினி தொலைநோக்கிகளால் நேரடியாகப் படம்பிடித்ததாக 2008இல் அறிவிப்பு வந்தது. ஹப்பிளின் நிக்மாஸ் கருவி அதே விண்மீனை 1998இலேயே படம்பிடித்திருந்தது. விண்மீனின் கண்கூசும் ஒளியில் கோள்கள் மறைந்திருந்ததால் அப்போது எவர் கண்ணிலும் படவில்லை. விண்மீனின் ஒளியைக் கழிக்கும் முறைகள் மேம்பட்ட பிறகு, 2009இல் டேவிட் லாஃப்ரெனியேரின் குழு அந்தப் பத்தாண்டுப் பழைய படத்தில் வெளிக்கோளைக் கண்டுபிடித்தது. காப்பகத்தில் இருந்த வேறு பல விண்மீன்களின் படங்களை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தி, ரெமி சுமேரின் குழு 2011இல் மற்ற இரண்டையும் அதே படத்தொகுப்பில் மீட்டெடுத்தது. வெளிக்கோள் ஒரு முறை சுற்றிவர 400 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தகைய கோளின் பாதையை வரைய முயல்பவருக்குப் பத்தாண்டுக்கு முந்தைய இருப்பிடம் ஒன்று கிடைப்பது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் அந்தப் படங்களைக் காப்பகத்தில் ஒழுங்காக வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. எதிர்பாராத பயனுக்கும் இடம் கொடுத்து வைப்பதே இந்தப் பணியின் இயல்பு.

தேடிக் கண்டுபிடித்தல்

தரவு நல்ல நிலையில் இருந்தாலும், அது இருப்பதே தெரியாவிட்டால் பயனில்லை. ஒரே விண்மீனுக்கு வெவ்வேறு பட்டியல்களில் வெவ்வேறு பெயர்கள் இருப்பது முதல் சிக்கல். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1972இல் தொடங்கப்பட்ட வானியல் தரவு மையம், சிம்பாத் என்ற தரவுத்தளத்தில் இந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிறது. நாம் ஒரு காப்பகத்தின் தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால், அது பின்னணியில் இத்தகைய பெயர்ச் சேவையைக் கேட்டு, பெயரை வானத்தின் ஆயத்தொலைவாக மாற்றி, அந்த இடத்தைச் சுற்றி எடுக்கப்பட்ட எல்லா நோக்கல்களையும் பட்டியலிடுகிறது.

இரண்டாவது சிக்கல், காப்பகங்கள் பல என்பதே. ஒரே விண்மீன் மண்டலத்தின் எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நாட்டிலும், அகச்சிவப்புப் படம் இன்னொரு நாட்டிலும் இருக்க, ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் கேள்வி கேட்கச் சொன்னால் ஆய்வாளரின் நேரம் அதிலேயே கரைந்துவிடும். இதைத் தீர்ப்பதற்காக 2002இல் பன்னாட்டு மெய்நிகர் வான்காணகக் கூட்டமைப்பு உருவானது. அது தரவுகளை ஓரிடத்தில் குவிக்கவில்லை. தரவு எங்கே இருந்தாலும் ஒரே விதமாகக் கேள்வி கேட்டு, ஒரே விதமாக விடை பெறுவதற்கான நெறிமுறைகளை மட்டும் வகுத்தது. இந்தியாவிலும் புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் இம்முயற்சியில் தொடக்க ஆண்டுகளிலேயே பங்கேற்றது. நெறிமுறைகளுக்காகக் கூடிப் பேசும் வேலை வெளியில் கவர்ச்சியாகத் தெரியாது. ஆனால் இன்று ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் டாப்கேட் போன்ற மென்பொருளைத் திறந்து, மூன்று நாடுகளின் பட்டியல்களை ஒரே திரையில் இணைத்துப் பார்க்க முடிகிறதென்றால், அந்தப் பேச்சுகளின் பலன்தான் அது.

விண்மீன்களின் இருப்பிடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பாவின் கையா தொலைநோக்கியின் காப்பகம் இந்த வழியின் சிறந்த எடுத்துக்காட்டு. 2022 ஜூன் 13 அன்று வெளியான அதன் மூன்றாம் வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் விவரங்கள் உள்ளன. அந்தப் பட்டியல் முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு நடைமுறையில் இயலாது, தேவையும் இல்லை. ஏடிக்யூஎல் என்ற வினவல் மொழியில், சூரியனிலிருந்து இத்தனை ஒளியாண்டுக்குள் இருக்கும், இந்த நிறமுடைய, இந்த வேகத்தில் நகரும் விண்மீன்களை மட்டும் கொடு என்று எழுதி அனுப்பினால், காப்பகத்தின் கணினியே தேடி, தேவையான சில ஆயிரம் வரிகளை மட்டும் திருப்பி அனுப்பும்.

இதே எண்ணம் இப்போது படங்களுக்கும் விரிந்துகொண்டிருக்கிறது. ஆய்வாளர் தரவைத் தன் கணினிக்கு இழுத்துக்கொள்வதற்குப் பதிலாக, தரவு இருக்கும் இடத்துக்குத் தன் நிரலை அனுப்புகிறார். ஹப்பிள், டெஸ் ஆகியவற்றின் பொதுத் தரவுகளின் நகல் மேகக் கணினிகளிலும் வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. ஹப்பிளைப் போலவே 2.4 மீட்டர் கண்ணாடியும், ஆனால் அதைப்போல் குறைந்தது 100 மடங்கு பரந்த பார்வைப் புலமும் கொண்ட நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி, தன் ஐந்தாண்டு முதன்மைப் பணிக்காலத்தில் ஏறத்தாழ 20 பெட்டாபைட் தரவு தரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதைப் பதிவிறக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் நினைக்க முடியாது. வேகமான இணைய வசதியோ பெரிய கணினிக் கூடமோ இல்லாத கல்லூரிகளுக்கு இந்த மாற்றம் உண்மையில் நன்மையே. ஆனால் அங்கே கணிக்கும் நேரத்துக்கு யார் பணம் செலுத்துவது என்ற கேள்விக்கு நியாயமான விடை கிடைத்தால்தான் அந்த நன்மை அவர்களைச் சென்றடையும்.

யாருக்கு, எப்போது

நேரம் கேட்டு விண்ணப்பித்து, போட்டியில் தேர்வாகி, ஒரு நோக்கலைத் திட்டமிட்டவருக்கு, அந்தத் தரவைக் குறிப்பிட்ட காலம் தனியே ஆராயும் உரிமை தரப்படுவது நெடுநாள் வழக்கம். ஜேம்ஸ் வெப் நோக்கல்கள் பலவற்றுக்கு அந்தக் காலம் 12 மாதங்கள்; ஹப்பிளில் அது ஓராண்டிலிருந்து ஆறு மாதங்களாகக் குறைக்கப்பட்டது. டெஸ், கையா போன்ற திட்டங்களில் அத்தகைய தனிக்காலம் கிடையாது. இதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. தனிக்காலமே இல்லையென்றால், பெரிய குழுக்கள் சில நாட்களில் கட்டுரை எழுதி முடித்துவிட, பாடம் நடத்திக்கொண்டே ஆய்வும் செய்யும் சிறு கல்லூரி ஆசிரியரும் அவருடைய மாணவரும் தங்கள் சொந்த யோசனையையே பறிகொடுக்க நேரலாம். தனிக்காலம் நீண்டாலோ, மக்கள் பணத்தில் கிடைத்த தரவு முடங்கிக் கிடக்கும்.

எனினும் இறுதியில் எல்லாருக்கும் திறந்திருப்பதன் பயனைப் பற்றி இரு கருத்து இல்லை. ஃபெர்மி காமா கதிர் தொலைநோக்கியின் முதன்மைக் கருவித் தரவுகள் 2009 ஆகஸ்டு முதல் பொதுவில் கிடைத்தன. கருவியைக் கட்டிய குழுவைச் சேராத டக்ளஸ் ஃபிங்க்பைனரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அவற்றைத் தம் வழியில் ஆராய்ந்து, நம் பால்வழியின் மையத்திலிருந்து மேலும் கீழும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுகள் நீளும் இரு பெரும் குமிழிகளை 2010இல் அறிவித்தார்கள். சரிபார்ப்புக்கும் இந்தத் திறப்பு தேவை. தொடக்கத்தில் கண்ட சூப்பர்நோவாவையே எடுத்துக்கொண்டால், வெடித்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு என்று ஒரு குழுவும், ஏறத்தாழ 20 மடங்கு வரை என்று இன்னொரு குழுவும் மதிப்பிட்டன. சூழ்ந்திருந்த தூசியை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். படங்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால், மூன்றாம் குழு ஒன்று இரண்டு கணக்கையும் தானே போட்டுப் பார்க்கலாம்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், புற ஊதாவிலிருந்து உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் வரை ஒரே நேரத்தில் பார்க்கும் கருவிகளைக் கொண்டது. அதன் காப்பகம் 2018 செப்டம்பரில் பொதுவாகத் திறக்கப்பட்டது. அதனுடன் ஐயூகாவில் அமைந்த அறிவியல் உதவி மையம், தரவை எப்படிக் கையாள்வது என்று மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. கோப்புகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. கனக் சாகா தலைமையிலான குழு, அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியால், ஏறத்தாழ 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து வெளியேறிய உயர் ஆற்றல் புற ஊதா ஒளியை அடையாளம் கண்டு 2020இல் வெளியிட்டது. அவர்கள் பார்த்த வானப்பகுதி, ஹப்பிள் முன்பே மிக ஆழமாகப் படம்பிடித்து வைத்திருந்த பகுதி. ஓர் இந்தியத் தொலைநோக்கியின் புதிய தரவும் இன்னொரு நாட்டின் காப்பகத்தில் இருந்த பழைய தரவும் அங்கே சேர்ந்து வேலை செய்தன.

இதைப் படிக்கும் இயற்பியல் மாணவர் ஒருவர் இன்றே தொடங்க விரும்பினால், மாஸ்ட் காப்பகத்தின் பக்கத்தில் எம்101 (மெசியர் 101இன் சுருக்கம்) என்று தட்டச்சு செய்து பார்க்கலாம். பொதுத் தரவுகளைப் பெறக் கட்டணம் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. பட்டியல் நீளமாக வரும்; கருவி, வடிகட்டி, நாள் ஆகியவற்றைக் கொண்டு அதைச் சுருக்கி, ஒரே ஒரு திருத்தப்பட்ட படத்தை இறக்கி, முதலில் அதன் தலைப்பகுதியை வரி வரியாகப் படிப்பது நல்லது. பைத்தான் அறிந்தவர்கள் ஆஸ்ட்ரோபை, ஆஸ்ட்ரோகுவெரி ஆகிய இலவச நிரல் தொகுப்புகளைக் கொண்டு இதே தேடலைச் சில வரிகளில் செய்யலாம். அளவீட்டில் இறங்கும் முன், அந்தக் கருவிக்கான கையேட்டில் தரவின் குறைகளைப் பற்றி எழுதப்பட்டுள்ள பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும். விளங்காதவற்றை உதவி மையத்துக்கு எழுதிக் கேட்கலாம். கிடைத்த முடிவு கட்டுரையாக வெளிவரும் நாளில், பயன்படுத்திய தரவுத் தொகுப்பின் நிலையான அடையாள எண்ணைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். காப்பகத்தின் நூலகர்கள் அந்த எண்ணைக் கொண்டுதான் கட்டுரையையும் தரவையும் ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். அடுத்து அதே படத்தைத் தேடி வருபவர், அதை வைத்து முன்பே யார் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை அந்த இணைப்பின் வழியாகவே தெரிந்துகொள்வார்.